நீலப் பெட்டி இந்த முறை வராது

அன்புள்ள ஒக்காசான்,

செய்தியை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது என் தொழில் பழக்கம். ஒட்டோசான் விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து, உங்கள் நகர மருத்துவமனையில் படுத்திருக்கிறார். உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். எழுந்து நடப்பாரா என்பதை மட்டும் யாரும் சொல்வதாக இல்லை. நான் எத்தனை விதமாகக் கேட்டாலும் உங்கள் மகன் கென்ஜி ஒரே பதிலைத்தான் தருகிறான்: "பாப்பம், அக்கா."

அவன் பேசுவது ஜப்பானிய மொழி. எனக்குள் அது எங்கள் வீட்டுத் தமிழாகத்தான் இறங்குகிறது, அப்படியே எழுதுகிறேன்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒக்காசான் என்றால் அம்மா, ஒட்டோசான் என்றால் அப்பா. பதினாறு வயதில் சிட்னிப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து பரிமாற்ற மாணவியாக ஜப்பானுக்குப் போனேன். பனி நிறைய விழும் ஒரு கடலோர நகரத்தில் ஒரு குடும்பம் என்னை ஓராண்டு தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டது. அந்த வீட்டின் அம்மா சென்ற இலையுதிர் காலத்தில் காலமானார். இந்தக் கடிதம் அவருக்கு.

தமிழில் எழுதினால் உங்களுக்கு எப்படி விளங்கும் என்று கேட்கக்கூடும். அந்த ஓராண்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடத்துத் தொலைபேசியில் நான் அம்மாவுடன் தமிழில் பேசுவேன். நீங்கள் குசினியில் முள்ளங்கி அரிந்தபடி இருப்பீர்கள். பேசி முடித்ததும் "அம்மாவுக்குச் சளி, தடிமனா?" என்று கேட்பீர்கள். சரியாக இருக்கும். இன்னொரு நாள், "வீட்டுக்காரரோடு ஏதோ சண்டை போலிருக்கிறதே" என்றீர்கள். அதுவும் சரி. ஒரு சொல்கூடத் தெரியாமல் எங்கள் வீட்டு நடப்பு முழுவதும் உங்களுக்குத் தெரிந்திருந்தது. இப்போது மட்டும் தெரியாமலா போய்விடும்?

முதல் நாள் நினைவிருக்கிறதா? என் பயணப் பெட்டி வேறெந்த விமான நிலையத்துக்கோ போய்விட்டது. உங்களுக்கென்று அம்மா கட்டித் தந்த பரிசுகள் எல்லாம் அதற்குள். பரிசைக் கொடுக்கும்போது சொல்ல வேண்டிய வாசகத்தை விமானத்தில் வழிநெடுகப் பாடமாக்கியிருந்தேன்: "இது அற்பமான பொருள்தான், ஆனாலும்..." உங்கள் வீட்டு வாசலில், சப்பாத்துக் கழற்றும் இடத்தில், நீங்கள் மூவரும் வரிசையாக நின்று குனிந்து வணங்கினீர்கள். எனக்குப் பதற்றத்தில் மூளை நின்றுவிட்டது. பாடமாக்கியதை அப்படியே ஒப்பித்தேன். இரண்டு கைகளையும் நீட்டினேன். கைகளில் ஒன்றுமில்லை.

பிறகு நீங்கள் மறுபடி குனிந்து, என் வெறுங்கைகளை உங்கள் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டீர்கள். பின்னால் நின்ற ஒட்டோசான் சிரித்தார். நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் வேலை பார்த்த அந்த மனிதர் சிரிப்பது அரிது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் திரும்பி வரும்போது அம்மாவுக்கென்று ஒரு நீலத் தகரப் பெட்டி நிறைய அரிசி அப்பளம் தந்தீர்கள். கடையில் வாங்கிய பெட்டி. தின்று முடித்தால் எறிந்துவிட வேண்டியது. எங்கள் அம்மாவுக்கு அது தெரியவில்லை. பெட்டி நல்ல கனமாக, மூடி இறுக்கமாக, பார்க்க அழகாக இருந்தது. கழுவி, துடைத்து, பல்கனியில் காயவைத்துவிட்டு, "பிள்ளை, அந்த மனிசி பாத்திரத்தைத் தேடப் போகுது, அனுப்ப வேணும்" என்றார்.

"பாத்திரமில்லை அம்மா, அது சும்மா பிஸ்கட் பெட்டி."

"எதெண்டாலும் அவையின்ர பெட்டி. வெறும் பெட்டியாக் குடுக்கிறதே? உழுந்து கிடக்கு, நான் வடை தட்டுறன்."

பருத்தித்துறை வடை, தட்டை போல மெல்லியது, பொரித்தால் கனநாள் இருக்கும். பெட்டி நிறைய அடுக்கி அனுப்பினோம். எறிய வேண்டிய பெட்டி கடல் தாண்டி நிறைந்து திரும்பி வந்ததைப் பார்த்து நீங்கள் திகைத்துப்போனதாகப் பல வருடம் கழித்துத் தொலைபேசியில் சொன்னீர்கள். ஆனால் உங்கள் ஊரிலும், ஒன்று வந்தால் பதிலுக்கு ஒன்று போக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் தந்த கிண்ணத்தைத் திருப்பும்போது ஒரு தீப்பெட்டியாவது போட்டுத் திருப்புவார்கள் என்று நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். ஆகவே நிரப்பி அனுப்பினீர்கள். அம்மா நிரப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு அதை நிறுத்தும் வழி இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

நீங்கள் இருவரும் ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை. நான் கல்யாணம் கட்டினேன், பிரிந்தேன், பத்திரிகையில் சேர்ந்து நகரசபைக் கூட்டங்களும் நீதிமன்றங்களுமாக அலைந்து தலை நரைத்தேன். பெட்டி போய்வந்துகொண்டே இருந்தது. ஒருமுறை எங்கள் எல்லைப் பரிசோதகர்கள் திறந்து, நீங்கள் கூரையோரம் தொங்கவிட்டுக் காயவைத்த காக்கிப் பழத்தை எடுத்துக்கொண்டு பெட்டியை மட்டும் விட்டார்கள். "நல்ல காலம், பெட்டி தப்பீற்றுது" என்றார் அம்மா.

நீங்கள் போனபோது பெட்டி எங்களிடம் இருந்தது. அங்கேதான் இது தொடங்கியது என்று நினைக்கிறேன்.

அம்மா முப்பத்தொரு நாள், அந்தியேட்டி கழியும்வரை காத்திருந்தார். மறுநாளே உழுந்து ஊறப்போட்டார். "செத்த மனிசியின்ர பாத்திரத்தை நாங்கள் வச்சிருக்கப்படாது" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அனுப்பினோம். இனி வராது என்று நினைத்தோம்.

வந்தது. சுற்றியிருந்த தாளைப் பார்த்ததும் அது நீங்கள் கட்டியது இல்லை என்று தெரிந்தது. பழைய செய்தித்தாளால் சுற்றி, மூலைகள் பிதுங்கி, குழாய்களுக்குச் சுற்றும் நாடாவால் ஒட்டியிருந்தது. வாழ்நாளில் ஒரு பொதி கட்டியிராத மனிதர் கட்டியது. அம்மா அந்த நாடாவைக் கத்தரிக்கோலால் வெட்டாமல், நகத்தால் மெல்ல மெல்ல உரித்தார். அப்பளத்தை முதலில் காலமான என் அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்தார். உங்கள் வீட்டிலும் அப்படித்தான், பெட்டி வந்ததும் உங்கள் படத்துக்கு முன் வைத்துவிட்டுத்தான் ஒட்டோசான் திறப்பாராம், கென்ஜி சொன்னான்.

"தனிய இருக்கிற ஆம்பிளை இவ்வளவும் செய்திருக்கு" என்று சொல்லி அம்மா மறுபடி நிரப்பினார்.

நீங்களும் அம்மாவும் ஒருமுறை நிரப்ப ஆறு மாதம் எடுத்துக்கொள்வீர்கள். ஒட்டோசானுக்கு அந்த நிதானம் இல்லை. திருப்ப வேண்டிய ஒன்று வீட்டில் கிடந்தால் அவருக்கு நித்திரை வராது போலிருக்கிறது. பெட்டி போய்ச் சேர்ந்த கையோடு திரும்பிவிடும். மரியாதைக்கு நாங்களும் தாமதிக்காமல் அனுப்பினோம். சிட்னியில், நாங்கள் இருக்கும் ஹோம்புஷில், சனவரி மாதம். அம்மா மின்விசிறியைக் குசினி வாசலில் வைத்துக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து வடை பொரித்தார். வெயில் தாங்காமல் நான் தபாலகத்துக்குக் காரில் போனேன். அதே சனவரியில் உங்கள் தெருவில் பனி இடுப்பளவு நிற்கும். அந்தத் தெருவில் ஒரு குளிர்காலம் முழுவதும் பள்ளிக்கூடத்துக்கு நடந்தவள் நான். எனக்கு அது ஒருதரமும் நினைவுக்கு வரவில்லை, ஒக்காசான்.

கென்ஜி எனக்குத் தொலைபேசி எடுத்தது ஒரு சனிக்கிழமை காலை. அம்மா பக்கத்துக் கதிரையில் இருந்தார். என் முகத்தைப் பார்த்தே எழுந்துவிட்டார்.

"என்னவாம் பிள்ளை?"

"ஒட்டோசான் விழுந்திட்டாராம். வீட்டுக்கு முன்படியில, பனி வழுக்கி."

"எங்க போகேக்க?"

"தபால் கந்தோருக்கு."

"எங்கட பெட்டியோடயோ?"

"ஓம் அம்மா."

அவர் மறுபடி கதிரையில் இருந்தார். பிறகு, "கைப்பிடி ஒண்டும் இல்லையோ அந்தப் படியில?" என்று கேட்டார். இருக்கிறது. எனக்கு அந்தப் படி தெரியும். கென்ஜி சொன்னதை நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை: பார்த்தவர்களின் பேச்சின்படி, அவர் கைப்பிடியைப் பிடிக்காமல் பெட்டியைப் பிடித்துக்கொண்டாராம்.

அடுத்த வாரம் பெட்டி வந்து சேர்ந்தது. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி ஒட்டோசான் மகனிடம் சொன்ன முதல் வேலை அதை அனுப்பச் சொன்னதுதானாம். ஒரு மூலை உள்ளே நசுங்கியிருந்தது. அப்பளம் எல்லாம் தூள். அம்மா அகப்பைக் காம்பை உள்ளே விட்டுத் தட்டிப் பார்த்தார். நிமிரவில்லை. பெட்டியைக் கழுவி, மேசையில் கவிழ்த்து வைத்தார். நான் வேலையால் வந்து பார்க்கிறேன், அடுப்பங்கரையில் சட்டியில் உழுந்து ஊறிக்கொண்டிருக்கிறது.

"என்ன அம்மா இது?"

"ஊறப் போட்டிட்டன்."

"அவர் ஆஸ்பத்திரியில கிடக்கிறார். இது போனா உடன திருப்ப வேணும் எண்டு துடிப்பார். கென்ஜி கைய எடுத்துக் கும்பிடாத குறையாச் சொல்லுறான், அனுப்பாதேங்கோ எண்டு."

"வருத்தக்காரருக்கு ஒண்டும் அனுப்பாம இருக்கிறதே? ஆக்கள் என்ன நினைப்பினம்?"

"எந்த ஆக்கள்? ஹோம்புஷில ஆருக்கு அம்மா இது தெரியும்?"

"அந்த மனிசிக்குத் தெரியும்" என்றார்.

உங்களைத்தான் சொன்னார். அந்த உழுந்தை அம்மா கடைசியில் தோசைக்கு அரைத்தார். இரண்டு பேரும் அந்தத் தோசையைத் தின்றோம்.

கென்ஜி அடுத்து எடுத்தபோது அவன் குரலே வேறாக இருந்தது. "அக்கா, அனுப்பாதேங்கோ எண்டு சொன்னனான். அது பிழையோ தெரியேல்லை."

"ஏன், என்ன நடந்தது?"

"அவர் பயிற்சிக்கு எழும்பிறாரில்லை. நடக்கப் பழக்கிற பிள்ளை நாளாந்தம் வந்து கெஞ்சுது. எங்க போறதுக்கு எண்டு கேக்கிறாராம்."

நான் மேசையில் கவிழ்ந்திருந்த பெட்டியைப் பார்த்தேன்.

"நான் வேற ஊரில, எனக்கென்ன தெரியும்? பக்கத்து வீட்டு மனிசி இப்பதான் சொல்லுறா. அம்மா போனாப் பிறகு அவர் வெளியில வந்தது பெட்டி அனுப்பிற நாளில மட்டும்தானாம். அண்டைக்கு மட்டும் முகம் வழிச்சு, கோட்டுப் போட்டுக்கொண்டு போவாராம். மற்ற நாளெல்லாம் யன்னல் கதவு சாத்தினபடி." சிரிக்கப் பார்த்தான். "மகன் எடுக்கிற போனுக்கு வராத உசார் ஒரு வடைப் பெட்டிக்கு வந்திருக்கு, பாருங்கோ."

என் தொழிலில் இரண்டு பக்கத்தையும் கேட்டு எழுத வேண்டும். இதில் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும், ஒன்றும் எழுத முடியவில்லை. அனுப்பினால் அவர் இன்னொரு குளிர்காலத்தில் அந்தப் படியில் நிற்பார். அனுப்பாவிட்டால் சுவர்ப் பக்கம் திரும்பியே கிடந்துவிடுவார். இந்த வயதில் அப்படிக் கிடப்பவர்களின் நெஞ்சில் சளி கட்டி என்ன ஆகும் என்பதை நான் பல மரண விசாரணைகளில் உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறேன். ரயிலில் போகும்போதும், நகரசபைக் கூட்டத்தில் யாரோ குப்பைத் தொட்டியைப் பற்றிப் பேசும்போதும் இதையேதான் யோசிக்கிறேன். நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, நீங்கள் இருந்தால் இந்த நிலையே வந்திராது என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

கென்ஜி சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். எங்க போறதுக்கு என்று ஒட்டோசான் கேட்டதைக் கேட்டதும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவருக்குக் கவலை கூடினால் அது கோபமாகத்தான் வெளியே வரும். நீங்கள் தொலைபேசிக்கு அந்தப் பக்கமிருந்தே கண்டுபிடித்த விஷயம் இது.

"எங்க போறதோ? பெட்டி இஞ்ச கிடக்கு. வேணுமெண்டா எழும்பி வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லு அந்த மனிசனை. நான் இனித் தபாலில அனுப்பேன்."

நான் அதைக் கென்ஜிக்குப் பகிடியாகத்தான் சொன்னேன். அவனும் பகிடியாகத்தான் தகப்பனுக்குச் சொல்லியிருக்கிறான். ஒட்டோசான் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தாராம். நித்திரை என்று நினைத்து இவன் எழும்பும்போது, "அந்த வீட்டில் படி இருக்கிறதா?" என்று கேட்டாராம்.

கென்ஜி உடனே என்னை அழைத்தான். "என்ன சொல்ல, அக்கா?"

"மூண்டாம் மாடி. லிப்ட் இல்லை."

"அப்ப லிப்ட் இருக்கெண்டு சொல்லவோ?"

"வேண்டாம். உள்ளதைச் சொல்லு."

சொன்னான். மறுநாள் நடக்கப் பழக்கும் பெண் வந்தபோது ஒட்டோசான் தனக்குப் படி ஏற வேண்டும் என்றாராம். முதலில் கட்டிலை விட்டு இறங்குவோம் என்றிருக்கிறாள் அவள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றிருக்கிறார். அவ்வளவுதான். அதற்கு அடுத்த நாள் வலி தாங்காமல் மறுபடி மறுத்துவிட்டார். இன்றைக்கு என்ன என்று தெரியவில்லை; கென்ஜி இன்னும் எடுக்கவில்லை.

அந்த வயதான மனிதருக்கு முன்னால் நாங்கள் மறுபடியும் ஒரு படியைத்தான் கொண்டுபோய் வைத்திருக்கிறோமா? அவர் ஒருநாளும் ஏறப்போகாத படி என்றால், அதைக் காட்டி எழுப்புவது சரியா? எனக்குத் தெரியவில்லை, ஒக்காசான். உள்ளதைச் சொல் என்று கென்ஜியிடம் சொன்ன எனக்கே உள்ளது எது என்று தெரியவில்லை.

அதனால் நேரில் போவதென்று முடிவெடுத்தேன். பத்திரிகை ஆசிரியரிடம் விடுப்புக் கேட்டேன், தந்துவிட்டார். டிக்கெட் எடுத்தாயிற்று. அம்மாவிடம் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "என்னத்தைக் கொண்டுபோகப் போறாய்?"

"ஒண்டும் இல்லை."

"உனக்கென்ன விசரே? வருத்தக்காரரைப் பாக்க வெறுங்கையோட போறதே? ஒரு தோடம்பழமெண்டாலும்..."

"தோடம்பழம் கொண்டுபோனா அதுக்கும் ஒண்டு திருப்பித் தர வேணும் எண்டு யோசிப்பார் அம்மா. கட்டிலில கிடந்து யோசிப்பார்."

அம்மாவுக்கு அது விளங்கியது. விளங்கியதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. உங்கள் ஊரிலும் எங்கள் ஊரிலும் செய்யக்கூடாத ஒன்றை, இரண்டு ஊரும் பார்த்திருக்கச் செய்யப் போகிறேன். அவர் கொஞ்சநேரம் மேசையில் கவிழ்த்திருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீ முதல் முதல் போகேக்கயும் வெறுங்கையோடதானே போய் நிண்டனீ" என்றார். "அந்த மனிசி அதை எனக்கு எத்தினை தரம் சொல்லிச் சிரிச்சது." நீங்கள் இருவரும் என்னை நடுவில் வைத்துத் தொலைபேசியில் பேசும்போது, அந்தக் கதையை மொழிபெயர்க்க வேண்டியவளும் நான்தான். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்வேன். அம்மாவுக்கு எப்படியோ முழுதும் தெரிந்திருக்கிறது.

கடைசியில் ஓம் என்றுவிட்டார். ஆனாலும் எனக்கு அம்மாவைத் தெரியும். விமான நிலையத்துக்குப் புறப்படும் முன் பையின் உள்பையெல்லாம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

பெட்டி ஹோம்புஷிலேயே இருக்கும். அம்மா அதைக் குசினி அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறார், நசுங்கிய மூலை சுவர்ப் பக்கமாக. உள்ளே இப்போது ஒன்றுமில்லை. ஆள் வந்த பிறகுதான் பொரிப்பாராம், அப்போதுதான் மொறுமொறுப்பாக இருக்குமாம்.

உங்களுக்கு நான் தரும் வாக்கு இது. வந்ததும் முதலில் வீட்டுக்குப் போவேன். யன்னல் கதவுகளைத் திறப்பேன். நீங்கள் ஒவ்வொரு காலையும் முன்னோருக்கு வைத்தது போல, உங்கள் படத்துக்கு முன் சுடுசோறு ஒரு கிண்ணம் வைப்பேன். பிறகு மருத்துவமனைக்கு நடந்தே போவேன். பங்குனியில் பனி கரைந்துகொண்டிருக்கும், கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்குவேன். ஒட்டோசானின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, அன்று பாடமாக்கிய வாசகத்தைச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டுவேன். இது அற்பமான பொருள்தான், ஆனாலும்.

அந்த வெறுங்கைகளை வாங்க அவர் எழுந்து உட்கார வேண்டும்.

ஹோம்புஷிலிருந்து,
கென்ஜியின் அக்கா, உங்கள் மூத்த மகள்
வாணி